பாட்டை ஊருக்குக் கொடுப்போம், பெயரைப் பறிகொடோம்!

பாட்டெழுதுவோர் எல்லோரும் பாவலர் பட்டம் பெற்றவர் அல்லர். மெட்டமைப்போர் எல்லோரும் இசையைத் தொழிலாகக் கொண்டவரும் அல்லர். பள்ளியாசிரியர் ஒருவர், கூட்டுறவுச் சங்கத்து எழுதுவினைஞர் ஒருவர், தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்திலே பணிபுரியும் பெண்ணொருத்தி, கரைக்குத் திரும்பி வலையை உலர்த்திவிட்டு மாலையிலே வாத்தியத்தைக் கையிலெடுக்கும் இளைஞர் நால்வர் என இத்தகையோரே இன்று வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் புதிய பாட்டுக்கள் பலவற்றைப் படைத்து வருகின்றனர். கைத்தொலைபேசியிலே பாட்டைப் பதிவு செய்கின்றனர்; அன்றிரவே யூடியூப்பிலும் முகநூலிலும் ஏற்றிவிடுகின்றனர்; பொழுது விடிவதற்குள் அது ரொறன்ரோவிலும் இலண்டனிலும் ஒலிக்கின்றது. வானொலி நிலையத்தின் வாயிலிலே காத்திருந்த காலம் போய்விட்டது. இது மகிழத்தக்க மாற்றமே.

ஆனால், இந்த மகிழ்ச்சியினூடே இரண்டு மூடநம்பிக்கைகள் நம்மவரிடையே வேரூன்றி வருவதைக் கண்டும் காணாதிருத்தல் தகாது. "ஊருக்குப் பாடிக் காட்டிய பின் பாட்டு என்னுடையது அன்று, எவரும் எடுக்கலாம்" என்பது ஒன்று. "கொழும்பிலே கந்தோரில் பதிந்து முத்திரை பெறாதவனுக்கு உரிமை இல்லை" என்பது மற்றொன்று. இரண்டும் பொய். இரண்டும் ஏழைப் படைப்பாளியின் வாயை அடைக்கவும், பணம் படைத்தோர் அவன் உழைப்பை உண்ணவும் வழி செய்பவை. எனவே இவ்விரண்டையும் சட்டத்தின் துணைகொண்டே உடைத்தெறிய வேண்டும்.

சட்டம் என்ன சொல்கின்றது?

இந்நாட்டில் இன்று நடைமுறையிலுள்ளது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். ஒரு படைப்பு படைக்கப்பட்டது என்ற ஒரே காரணத்தாலேயே பாதுகாப்புப் பெறும் என்று அது ஐயத்துக்கு இடமின்றிக் கூறுகின்றது. அதன் தரம் யாது, நோக்கம் யாது என்று சட்டம் கேட்பதில்லை. பட்டம் பெற்ற வித்துவானின் கீர்த்தனைக்கும், பாடசாலை விழாவுக்காக ஆசிரியை எழுதிய பாட்டுக்கும் உரிமை ஒன்றே. பதிவு வேண்டியதில்லை, கட்டணம் வேண்டியதில்லை, முத்திரையும் வேண்டியதில்லை. உரிமை பெறுவதற்குச் சடங்குகள் கூடா என்பது பேர்ண் உடன்படிக்கையில் 1908ஆம் ஆண்டிலேயே ஏற்கப்பட்ட கொள்கை. இலங்கையும் அவ்வுடன்படிக்கைக்குக் கட்டுப்பட்ட நாடே.

உரிமை எத்துணைக் காலம் நிலைக்கும்? ஆசிரியர் வாழுங் காலமும், அவர் மறைந்த பின் மேலும் 70 ஆண்டுகளும். இருவர் கூடிப் படைத்திருப்பின், இறுதியாக மறைபவரின் மரணத்திலிருந்து இந்த 70 ஆண்டுகள் கணக்கிடப்படும். பாட்டின் சொல்லுக்கு உரியவர் ஒருவர், மெட்டுக்கு உரியவர் வேறொருவர் என்றிருக்கலாம். பாடியவருக்கும் வாசித்தவருக்கும் அவரவர் நிகழ்ச்சி மீது வேறோர் உரிமையுண்டு. ஒரே பாட்டிலே மூவர், நால்வர் உரிமைகள் பின்னிக் கிடப்பதை நம் இளைஞர் குழுக்கள் அறிந்துகொள்ளல் வேண்டும்.

இந்த உரிமையும் இரு கூறுடையது. பணத்தைச் சார்ந்த கூறு ஒன்று: பிரதி எடுத்தல், பொதுமக்களுக்கு எட்டச் செய்தல், மாற்றியமைத்தல் ஆகியவற்றுக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரம். மானத்தைச் சார்ந்த கூறு மற்றொன்று: படைப்பிலே தன் பெயர் வரவேண்டும் என்றும், தன் மதிப்புக்கு இழுக்குண்டாகப் படைப்பைச் சிதைக்கலாகாது என்றும் வற்புறுத்தும் அதிகாரம். முதற்கூறை விற்றுவிட்டவனுக்கும் இரண்டாவது கூறு உண்டு என்கின்றது சட்டம். உரிமையை வேண்டுமென்றே மீறுவோனுக்கு நீதவான் நீதிமன்றம் 5 இலட்சம் ரூபா வரை குற்றப்பணமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆகவே, ஊரார்முன் பாடியதால் உரிமை பறிபோய்விடாது. பகிர்தல் வேறு, கைவிடுதல் வேறு.

பத்துச் சிலிங்குக்குப் போன பாட்டு

உரிமையை அறியாதவன் எதை இழப்பான் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்றுண்டு. அது தென்னாபிரிக்காவிலே நடந்தது. ஆயினும் அதன் சட்ட வேர் நம் மண்ணிலும் ஓடியது.

சொலமன் லிண்டா என்பவர் சூலு இனத்தவர். கூலித் தொழில் தேடி ஜொகன்னஸ்பேர்க் நகருக்கு வந்தவர். கலோ என்னும் இசைத்தட்டுக் கொம்பனியிலே தட்டுக்களைப் பொதிசெய்யும் வேலை பார்த்தவர். தம் ஊர்த் தோழரைச் சேர்த்துக்கொண்டு குழுவாகப் பாடுவார். 1939ஆம் ஆண்டிலே அக்கொம்பனியின் ஒலிப்பதிவுக் கூடத்தில் அக்குழு "ம்பூபே" என்ற பாட்டைப் பாடிற்று. "ம்பூபே" என்றால் சிங்கம். பாட்டின் இறுதியிலே லிண்டா அந்தக் கணத்திற் புனைந்து உயர்ந்த குரலில் இழுத்த ஒரு மெட்டு, பின்னர் உலகையே சுற்றி வந்தது. பாட்டின் உரிமை கொம்பனிக்குப் போயிற்று. லிண்டாவுக்குக் கிடைத்தது ஏறக்குறையப் பத்துச் சிலிங்.

அத்தட்டு கடல் கடந்து அமெரிக்காவை அடைந்தது. நாட்டார் பாடகர் பீற் சீகர் அதைக் கேட்டார். சூலுச் சொல்லைத் தவறாகக் கேட்டு "விமோவே" என்று எழுதிக்கொண்டார். அவருடைய வீவேர்ஸ் குழு 1952ஆம் ஆண்டளவிலே அதைப் பாடிப் புகழ்பெற்றது. 1961ஆம் ஆண்டிலே வேறொரு குழு புதிய ஆங்கிலச் சொற்களை ஏற்றிப் பாடிற்று. அமெரிக்காவெங்கும் அது முதலிடம் பெற்றது. மறு ஆண்டு, 1962இல், லிண்டா வறுமையிலே மாண்டார். அவர் கல்லறைக்கு ஒரு கல் நடுவதற்குக்கூட அவர் மனைவியிடம் பணம் இருக்கவில்லை. 1994ஆம் ஆண்டிலே டிஸ்னி நிறுவனத்தின் "சிங்க அரசன்" படத்திலும் அம்மெட்டு ஒலித்தது. மெட்டைப் பெற்றவனின் மக்கள் சொவெற்றோவில் வறுமையிலே வாழ்ந்தனர்.

இந்த அநீதியைத் தென்னாபிரிக்க எழுத்தாளர் ரியன் மலான் 2000ஆம் ஆண்டிலே விரிவாக எழுதி அம்பலப்படுத்தினார். 2004ஆம் ஆண்டிலே டிஸ்னிக்கு எதிராகத் தென்னாபிரிக்க நீதிமன்றிலே வழக்குத் தொடுக்கப்பட்டது. எந்தச் சட்டத்தின் மீது? இங்குதான் சட்டம் பயின்றோர் நிமிர்ந்து உட்கார வேண்டும். அது 1911ஆம் ஆண்டின் பிரித்தானியப் பேரரசுப் பதிப்புரிமைச் சட்டம். ஆசிரியர் தம் உரிமையை வாழுங் காலத்திலே விற்றிருந்தாலும், அவர் மறைந்து 25 ஆண்டுகள் கழிந்ததும் அது அவருடைய வழித்தோன்றல்களிடம் திரும்பி வரும் என்று அச்சட்டத்திலே ஒரு வாசகம் இருந்தது. பேரறிவு இருந்தும் பேரம் பேசத் தெரியாத படைப்பாளியின் குடும்பத்தைக் காக்கவே அவ்வாசகம் எழுதப்பட்டது. 1962உடன் 25ஐக் கூட்டினால் 1987. அன்று முதல் உரிமை லிண்டாவின் குடும்பத்தினுடையது என்பதே வழக்கின் சாரம். வழக்குத் தீர்ப்புவரை செல்லவில்லை. 2006ஆம் ஆண்டிலே இணக்கம் ஏற்பட்டது. கடந்த காலத்துக்கும் வருங்காலத்துக்குமான பங்கு குடும்பத்துக்குக் கிடைக்க வழி பிறந்தது. லிண்டாவின் பெயரும் பாட்டை ஆக்கியோர் வரிசையிலே ஏறிற்று.

அதே 1911ஆம் ஆண்டுச் சட்டந்தான் 1912 முதல் இலங்கையிலும் ஆட்சி செய்தது. 1979ஆம் ஆண்டிலே புலமைச் சொத்துக் கோவை இயற்றப்பட்டபோது அது அகன்றது. அதனோடு அந்த 25 ஆண்டு வாசகமும் அகன்றது. இன்று கொம்பனியின் தாளிலே கையொப்பமிடும் நம் இளைஞனுக்கு அக்கருணை இல்லை. விற்றது விற்றதே. அந்நிய பேரரசு வைத்திருந்த பாதுகாப்பைச் சுதந்திர நாட்டின் சட்டம் தன் குடிமகனுக்கு வைக்கவில்லை என்பது வெட்கத்துக்குரியதன்றோ?

பாட்டு யார் சொத்து?

"பாட்டு பொதுச் சொத்து, அதற்கு வேலி போடுவது வியாபாரப் புத்தி" என்று நண்பர் சிலர் கூறுவர். தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் தெம்மாங்குக்கும் யார் உரிமை கேட்டார் என்று வினவுவர். அவ்வினாவிலே நியாயமுண்டு, மறுப்பதற்கில்லை. வேலி தவறான கையிற் சிக்கினால் என்னாகும் என்பதற்கும் அமெரிக்காவே சான்று. பாலர் பாடசாலை ஆசிரியை பற்றி ஹில்லும் அவர் சகோதரி மில்றெட்டும் சிறுவர்க்கென ஆக்கிய காலை வணக்கப் பாட்டொன்று 1893ஆம் ஆண்டிலே அச்சேறியது. அதே மெட்டிலேதான் உலகெங்கும் பிறந்தநாள் வாழ்த்துப் பாடப்படுகின்றது. அவ்வாழ்த்தை ஒரு பெருங் கொம்பனி தன் உடைமை என்று கூறி, படமெடுப்போரிடம் பணம் வாங்கி வந்தது. 2015ஆம் ஆண்டிலே நீதிமன்றம் அந்த உரிமைக்கோரலை ஏற்க மறுத்தது. மறு ஆண்டிலே 14 மில்லியன் டொலர் இணக்கத்துடன் அவ்வழக்கு முடிந்தது. குழந்தைகளுக்குக் கொடுத்த பாட்டின்மேல் கொம்பனி சுங்கம் அறவிட்டது.

ஆனால், இதிலிருந்து பெறவேண்டிய பாடம் உரிமையே வேண்டாம் என்பதா? அன்று. உரிமை படைத்தவன் கையிலே நிற்கவேண்டும், அவனே மனமுவந்து ஊருக்குக் கொடுக்கவேண்டும் என்பதே பாடம். தன்னுடையது அல்லாததை ஒருவன் தானஞ் செய்தல் இயலுமா? உரிமை உள்ளவனே வள்ளல் ஆகலாம்.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தனர். திருஞானசம்பந்தர் பதிகத்தின் இறுதியிலே திருக்கடைக்காப்பாகத் தம் பெயரையும் ஊரையும் பொறித்தார். தியாகராச சுவாமிகள் கீர்த்தனையிலே தம் முத்திரையை வைத்தார். பாட்டு எல்லோருக்கும்; பெயர் பாடியவருக்கு! காசு கேட்கவில்லை, பெயரை மறைக்கவும் விடவில்லை. இன்றைய சட்டமும் அதையே சொல்கின்றது: படைப்பிலே வழமையான முறையில் எவர் பெயர் காணப்படுகின்றதோ அவரையே, மாறாக நிரூபிக்கப்படும் வரை, ஆசிரியர் என ஊகிக்க வேண்டும். பதிகத்தின் கடைசிப் பாட்டு நீதிமன்றிலே சாட்சி சொல்லும் என்பது இதன் பொருள்.

பாரதியார் பாட்டுக்களும் இதற்குச் சான்றே. அவர் பாட்டுக்களின் ஒலிப்பதிவுரிமை ஒருகாலத்திலே ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. மக்கள் கிளர்ந்து கேட்டனர். 1949ஆம் ஆண்டிலே சென்னை அரசாங்கம் பாரதி படைப்புக்களின் உரிமையைத் தன் வசமாக்கியது. பின்னர் அவை பொதுமக்களுக்கு வழங்கப்பட்டன. அப்போதும் பாரதியின் குடும்பத்துக்கு அரசாங்கம் பணம் வழங்கியது. பொதுவுடைமை ஆக்குவதற்கும் நெறியுண்டு. கொள்ளையடித்தல் பொதுவுடைமை ஆகாது.

கொடுப்பதற்கும் முறையுண்டு

கொடுக்க விரும்புவோர்க்கு இன்று எளிய வழிகள் உள. "கிரியேட்டிவ் கொமன்ஸ்" என்னும் அமைப்பு 2002ஆம் ஆண்டு முதல் ஆயத்த அனுமதிப் பத்திரங்களை இலவசமாக வழங்கி வருகின்றது. என் பெயரைச் சொல்லி எவரும் பாடலாம் என்பது ஒரு வகை. வியாபாரத்துக்குப் பயன்படுத்தலாகாது என்பது மற்றொரு வகை. மாற்றியமைத்தால் நீயும் இதே நிபந்தனையிற் பிறருக்குக் கொடு என்பது இன்னொரு வகை. பாட்டை ஏற்றும்போதே ஒரு வரியில் இதைக் குறிப்பிட்டால் போதும். ஆயின், ஓர் எச்சரிக்கை: ஒருமுறை கொடுத்த இத்தகைய அனுமதியைப் பெற்றோரிடமிருந்து மீளப் பறித்தல் இயலாது. ஆகவே ஆத்திரத்திலோ ஆர்வத்திலோ அன்றி, ஆராய்ந்து கொடுத்தல் வேண்டும்.

யூடியூப் போன்ற தளங்களின் நிபந்தனைகளையும் படிக்க வேண்டும். பாட்டை ஏற்றும்போது அந்நிறுவனத்துக்கு உலகெங்கும் செல்லும் அனுமதி ஒன்றைக் கொடுக்கின்றோம், உடைமையைக் கொடுக்கவில்லை. அங்கே உரிமைக்கோரல்களைப் பொறியே ஒப்பிட்டுப் பார்க்கின்றது. பாட்டை ஆக்கியவன் வாளாவிருக்க, வேறொருவன் அதைத் தன்னுடையதெனப் பதிந்துவிட்டால், சொந்தப் பாட்டுக்கே ஆக்கியவன் குற்றவாளியாக நிறுத்தப்படலாம். பொறிக்கு நியாயம் தெரியாது. பதிவேடு மட்டுமே தெரியும்.

இனி ஒப்பந்தங்கள். அண்மையிலே ஓர் இளைஞர் என்னிடம் கொண்டுவந்த தாளிலே, அவருடைய பத்துப் பாட்டுக்களும் "பிரபஞ்சம் முழுவதற்கும், என்றென்றைக்கும்" ஒரு நிறுவனத்துக்கு உரியன என்று ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது. அவர் பெறவிருந்த பணம் ஒலிப்பதிவுச் செலவுக்கே போதாது. "எல்லோரும் இப்படித்தான் கையொப்பமிடுகின்றார்களாம், ஐயா" என்றார். சொலமன் லிண்டாவிடமும் அப்படித்தான் கூறியிருப்பர். உரிமையைக் கைமாற்றுதல் எழுத்திலும் கையொப்பத்திலும் அமைய வேண்டும் என்று சட்டம் விதித்திருப்பது படைப்பாளியின் பாதுகாப்புக்காக. படிக்காமற் கையொப்பமிட்டால் அக்காப்பே தூக்குக்கயிறாகும்.

அரசிடம் நாம் கேட்பவை

தனிமனிதர் விழிப்பு மட்டும் போதாது. அரசின் கடமையும் உண்டு.

முதலாவது, நீதிமன்றம். புலமைச் சொத்து வழக்குகளைச் சிவில் நியாயாதிக்கம் பெற்ற மாகாண மேல் நீதிமன்றமே விசாரிக்கலாம். அத்தகைய மன்றம் இல்லாத மாகாணத்தார் மேல் மாகாணத்து மன்றுக்குச் செல்லவேண்டும் என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. நடைமுறையிலே இதன் பொருள் கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றமே. மூதூரிலிருந்தும் மன்னாரிலிருந்தும் ஒரு பாட்டுக்காகக் கொழும்புக்கு வந்து வழக்காட எந்த ஏழையால் இயலும்? வழிச்செலவே வழக்கைத் தோற்கடித்துவிடும். எட்டாத நீதி மறுக்கப்பட்ட நீதியே. எல்லா மாகாண மேல் நீதிமன்றங்களுக்கும் இந்த அதிகாரம் வழங்கப்பட வேண்டும்.

இரண்டாவது, நாட்டார் பாடல்கள். வியாபார நோக்குடன் நாட்டார் கலை வடிவங்களைப் பயன்படுத்துவோர் அமைச்சர் குறிக்கும் அதிகாரியிடம் அனுமதி பெறவேண்டும். அதனால் வரும் பணம் பண்பாட்டு வளர்ச்சிக்குச் செல்லவேண்டும் என்கின்றது சட்டத்தின் 24ஆம் பிரிவு. கொள்கை நன்று. ஆனால், மட்டக்களப்பு வயல்வெளிகளிற் பிறந்த கவிக்கும், சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் அரும்பாடுபட்டுத் தொகுத்த மலையக மக்கள் பாடல்களுக்கும் கொழும்பிலே ஓர் அதிகாரி உடைமையாளர் போல் அனுமதி வழங்குவது எந்த நியாயம்? பாடிய மக்களின் ஊர் மன்றங்களைக் கலந்து முடிவெடுக்கவும், பணம் அவ்வூர்களுக்கே திரும்பவும் விதிகள் அமைதல் வேண்டும்.

மூன்றாவது, 1979இல் அகன்ற அந்தப் பழைய காப்பு. விற்கப்பட்ட உரிமை ஒரு குறித்த காலத்தின் பின் படைப்பாளியிடமோ அவன் குடும்பத்திடமோ திரும்பும் வாசகம் மீண்டும் சட்டத்திலே ஏறவேண்டும்.

நாம் செய்யவேண்டியவை

பாட்டு எழுதியவுடன் பெயரையும் திகதியையும் எழுதுங்கள். பாட்டின் சொல்லையும் ஒலிப்பதிவையும் ஓரிடத்தில் மட்டுமன்றி, மூன்று நான்கு இடங்களிலே காத்து வையுங்கள். 1981ஆம் ஆண்டிலே யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது, ஒரே இடத்தில் இருந்த ஒரே பிரதி என்பது என்னவென்று நாம் கண்டோம். தனக்குத் தானே பதிவுத் தபாலில் அனுப்பிக்கொண்டால் உரிமை பிறக்கும் என்று நம்பாதீர்கள். உரிமை முன்னரே பிறந்துவிட்டது. அத்தபால் வலுக்குறைந்த சான்றே. குழுவாகப் பாடுவோர் சொல் யாருடையது, மெட்டு யாருடையது, வருமானத்தை எவ்வாறு பங்கிடுவது என்பதை நட்பு நன்றாயிருக்கும்போதே ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையொப்பமிடுங்கள். பகை வந்தபின் நினைவு ஒருவருக்கு ஒருவர் மாறும். நிறுவனங்களுக்கு உரிமையை விற்காதீர்கள். குறித்த காலத்துக்கு, குறித்த பயன்பாட்டுக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். பெயருரிமையை விட்டுக்கொடுக்கும் வரி இருந்தால் அதை வெட்டிவிடுங்கள். ஒப்பந்தத்தைத் தமிழிலே கேளுங்கள். தமிழ் இந்நாட்டின் ஆட்சிமொழிகளுள் ஒன்று. விளங்காத மொழியிலே கையொப்பமிடும் கட்டாயம் எவருக்கும் இல்லை.

தனித்து நின்றால் ஒவ்வொருவரும் ஒரு லிண்டா. கூடி நின்றால் கொம்பனியும் பேச்சுவார்த்தைக்கு வரும். ஆகவே மாவட்டந்தோறும் பாடுவோரும் ஆக்குவோரும் சங்கங்களாகத் திரள வேண்டும். உரிமைப் பணத்தைத் திரட்டிப் பகிரும் சங்கங்களைப் பதிவு செய்ய 2003ஆம் ஆண்டுச் சட்டமே இடமளிக்கின்றது. சட்டத்தரணிகளாகிய நாமும் மாதத்தில் ஒரு நாளையேனும் இச்சங்கங்களுக்கு இலவசமாக ஒதுக்குதல் வேண்டும். காணி உறுதியை எழுதும் கை, கவிஞனின் உறுதியையும் எழுதட்டும்!

கரையோரத்து இளைஞனே, தோட்டத்துத் தங்கையே! பாடுங்கள், எல்லோருக்கும் பாடுங்கள், எட்டுத் திக்கும் கேட்கப் பாடுங்கள். ஆனால், பாட்டின் அடியிலே உங்கள் பெயரை எழுதுங்கள். அப்பெயரை அழிக்க வரும் கை எத்துணைப் பெரிதாயினும், அதைத் தடுக்கும் சட்டம் உங்கள் பக்கம் உண்டு. அச்சட்டத்தைக் கையிலெடுக்கும் துணிவே இன்று வேண்டுவது.